வரியைப் பாதியாக்குவேன் என்று சொல்லி வராதீர்கள்: நாகர்கோவில் வேட்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில் மாநகராட்சியில் வார்டு உறுப்பினராக நிற்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கும், அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம்.

தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே உங்களில் சிலர் தெருவில் இறங்கிவிட்டீர்கள். கல்யாண வீடு, துட்டி வீடு, கோயில் கொடை, ஆலயத் திருவிழா அசனம் என்று எங்கே போனாலும் ஒரு வருங்கால வேட்பாளர் கைகூப்பி நிற்கிறார். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வார்டில் நிற்கப்போவதாகச் சொல்லும் ஒருவர் டீக்கடையில் வைத்து அடித்துச் சொன்னது காதில் விழுந்தது: "நாம ஜெயிச்சு வந்தா வீட்டு வரியப் பாதியாக் கொறச்சிரலாம். கூட்டத்துல மொதல் தீர்மானமே அதுதான்." கட்சிப் பெயர் இங்கே வேண்டாம். எல்லாக் கட்சியிலும் இதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், சுயேச்சையிலும் இருக்கிறார்.

வரி குறைந்தால் யாருக்குக் கசக்கும்? எனக்குச் சொந்தமாக ஒரு வீடு, கோட்டார் பக்கம் வாடகைக்கு விட்ட ஒரு சின்னக் கடை. இரண்டுக்கும் அரையாண்டுதோறும் கட்டுகிறேன். அரையாண்டு பிறந்து ஒரு மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மறக்காமல் கட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், வரியைப் பாதியாக்கும் வாக்குறுதியை நம்பி ஓட்டுப் போட மாட்டேன். அதை நிறைவேற்றும் அதிகாரம் உங்களிடம் கிடையாது. தெரியாமல் சொல்கிறீர்கள் என்றால் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தே சொல்கிறீர்கள் என்றால், அது வேறு விஷயம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். சென்னை நீங்கலான நகரங்களில் 2008ல் சொத்து வரி திருத்தப்பட்டது. அதற்கப்புறம் பத்தாண்டு அதை யாரும் தொடவில்லை. 2018ல் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, கடைகண்ணிகளுக்கு 100 சதவீதம் வரை என்று உயர்த்தினார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2019 நவம்பரில் நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் வரும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. பிறகு 2022 பிப்ரவரி 19ல் நாம் 52 வார்டுகளுக்கும் ஓட்டுப் போட்டோம். மார்ச்சில் பதவியேற்றார்கள். மாலை வாடும் முன்பே, ஏப்ரல் முதல் தேதி, வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. நம்மைப் போன்ற நகரங்களில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

இதை நம் மாமன்றத்தில் உட்கார்ந்து யாரும் கணக்குப் போட்டு முடிவு செய்யவில்லை. சென்னைக் கோட்டையில், அதாவது மாநில அரசில், முடிவானது. கோட்டைக்கும் பின்னால் ஒரு நிர்ப்பந்தம் இருந்தது. மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழு, 2021-26 காலத்துக்கான 15-வது குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் மாநிலம் சொத்து வரிக்கு ஓர் அடிமட்ட வீதத்தை அறிவிக்க வேண்டும், அப்புறம் மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டும் ஏற்பாடு 2024ல் வந்தது இந்த வழியில்தான். அதைக் கூட்டுவதும் ஓராண்டுக்கு நிறுத்தி வைப்பதும் கோட்டையின் கையில். நீங்கள் 52 பேரும் கட்சி பேதமில்லாமல் எழுந்து நின்று "பாதியாக்குகிறோம்" என்று தீர்மானம் போட்டாலும், அது மினிட் புத்தகத்தில் இருக்கும். என் வீட்டு ரசீதில் ஒரு ரூபாயும் குறையாது. மாறாக, மானியம் நின்றுபோகும் வழி மட்டும் திறக்கும்.

சரி, அப்படியானால் வார்டு உறுப்பினர் வரி விஷயத்தில் செய்ய ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசமாட்டேன் என்கிறீர்கள்.

வரி எப்படிப் போடுகிறார்கள்? தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, கட்டடம் எத்தனை சதுர அடி, ஓடா கான்கிரீட்டா, வயது என்ன, சொந்தமாக இருக்கிறார்களா வாடகைக்கு விட்டிருக்கிறார்களா, வீடா கடையா. வீதத்தை நிர்ணயிப்பது மேலிடம். ஆனால் மேலே சொன்ன விவரங்கள் ஒவ்வொன்றையும் எழுதுவது நம் மாநகராட்சி அலுவலகம். தப்பு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். நகரின் பிரதான சாலையில் உள்ள கடைக்கும், அதன் பின்னால் ஆட்டோ நுழையத் திணறும் முடுக்கில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே மண்டல மதிப்பு போட்டிருந்தால் யார் கேட்பது? மாடியில் ஒரு தளம் கட்டி வாடகைக்கு விட்டவருக்குப் பழைய ஒற்றைத் தளத்துக்கான வரியே போய்க்கொண்டிருக்கும்போது, ஒழுங்காகப் பிளான் பாஸ் வாங்கிக் கட்டியவர் முழு வரி கட்டுகிறாரே, அதை யார் கேட்பது?

2022ன் படிநிலைக் கணக்கிலேயே ஒரு கோணல் உண்டு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒருவர் வீடு 1,190 சதுர அடி, அரையாண்டு வரி 1,200 ரூபாய் என்று வைப்போம். பக்கத்து வீடு 1,210 சதுர அடி, வரி 1,220. வித்தியாசம் இருபது ரூபாய். உயர்வுக்குப் பிறகு முதல் வீட்டுக்கு 50 சதவீதம் கூடி 1,800. இரண்டாவது வீட்டுக்கு 75 சதவீதம் கூடி 2,135. இருபது ரூபாய் வித்தியாசம் 335 ரூபாயாகிவிட்டது. காரணம் இருபது சதுர அடி. ஒரு குளியலறை அளவுகூட வராது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடுகளில் அளவு சரியா என்று மறுபடி டேப் பிடித்துப் பார்க்கச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. அந்த மனுவை எழுதித் தரவும், அது மேஜையில் தூங்காமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு வார்டு உறுப்பினரால் முடியும். இது மேடையில் கைதட்டல் வாங்காது என்பது எனக்கும் தெரியும்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருந்து அனுப்பிய காசில் கட்டிய இரண்டாயிரம் சதுர அடி வீடு. உள்ளே இருப்பது வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும். வீட்டின் அளவைப் பார்த்தால் 100 சதவீத உயர்வுக்காரர்கள். கைச்செலவைப் பார்த்தால் மாத்திரைக்கே கணக்குப் பார்க்கிறவர்கள். சொத்து வரிக்கு வருமானம் தெரியாது, சதுர அடி மட்டும்தான் தெரியும். இவர்களுக்குச் சலுகை வேண்டும் என்றால் அதையும் மாநிலம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் மாமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்கலாம். பாதியாக்குவோம் என்ற பொத்தாம் பொதுவான தீர்மானத்தைவிட, எழுபது வயது தாண்டி, வேறு வருமானம் இல்லாமல், தாங்களே குடியிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இவ்வளவு குறையுங்கள் என்று கேட்டால் கோட்டையில் ஓர் அதிகாரியாவது படித்துப் பார்ப்பார்.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். 2019ல் நாகர்கோவில் மாநகராட்சி ஆன கையோடு ஆளூர், தெங்கம்புதூர் பேரூராட்சிகள் உள்ளே வந்தன. அதற்கப்புறம் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்க்கலாம் என்ற பேச்சு வந்தபோது எத்தனை ஊர்களில் எதிர்ப்பு என்று பார்த்தோம். பயம் நியாயமானதுதான். ஊராட்சியில் கட்டிய வீட்டு வரி வேறு, இங்கே கட்டுவது வேறு. மாநகராட்சி எல்லைக்குள் வந்தால் நூறு நாள் வேலையும் போய்விடும். தென்னந்தோப்பும் வயலும் உள்ள ஓர் ஊர்க்காரர், வரி மட்டும் நகரத்து வரி, ஓடையும் தெருவிளக்கும் பழைய ஊராட்சிக் கணக்கு என்றால் கோபப்படாமல் என்ன செய்வார்? ஏற்கெனவே உள்ளே வந்த பகுதிகளில் என்ன செய்தோம் என்று காட்ட முடிந்தால், புதிதாக வருகிறவர்களிடம் பேச வாய் இருக்கும். ஆளூரிலும் தெங்கம்புதூரிலும் நிற்கப் போகிறவர்கள் இதை எண்களோடு பேச வேண்டும்: இந்த ஐந்தாண்டில் இங்கே வசூலான வரி எவ்வளவு, இங்கே செலவழித்தது எவ்வளவு.

செலவு என்றதும் இன்னொரு வாக்குறுதி நினைவுக்கு வருகிறது. "வீண் செலவைக் குறைப்போம்." கேட்க நன்றாக இருக்கிறது. எந்தச் செலவை என்று ஒருவரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் கத்தி எங்கே விழும் என்பது நமக்குத் தெரியும். விடியும் முன்னே தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் மேல்தான் விழும். 2022ல் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, பல வேலைகளை வெளி நிறுவனங்கள் மூலம் செய்ய வழிவிட்டது. சிக்கனம் என்று இதற்குப் பெயர். ஒப்பந்தக்காரருக்குப் போகும் தொகையில் பணியாளர் கைக்கு வருவது எவ்வளவு, பி.எஃப். பிடித்தது கணக்கில் சேர்ந்ததா என்று கேட்கிற உறுப்பினரைத்தான் நான் சிக்கனக்காரர் என்பேன். ஆளைக் குறைத்துவிட்டு அலங்கார வளைவு கட்டுவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

உண்மையான பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பாதாளச் சாக்கடை. பத்தாண்டைத் தாண்டியும் இழுத்துக்கொண்டு கிடந்த திட்டம் இது. குழி தோண்டினார்கள், குழாய் பதித்தார்கள், மூடினார்கள். மூடிய இடம் மழையில் இறங்கியது. மேலே தார் போட்டார்கள். அப்புறம் குடிநீர்க் குழாய்க்காக அதே இடத்தை மறுபடி தோண்டினார்கள். புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் அவசியம்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நகரத்துக்குத் தண்ணீர் தரும் முக்கடல் அணையின் நீர்மட்டம் முழுதும் நிறைந்தாலே 25 அடிதான். கோடையில் அது மைனஸுக்குப் போய்விட்டது என்ற செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே இரண்டேகால் இலட்சத்தை ஒட்டி வந்த நகரத்துக்கு அந்த ஒரு சிறிய அணை எப்படிப் போதும்? கேள்வி தண்ணீர்த் திட்டம் வேண்டுமா என்பதில் இல்லை. ஒரே தெருவை எத்தனை முறை தோண்டி எத்தனை முறை மூடுவதற்கு நாம் பணம் கொடுத்தோம் என்பதில்தான். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரே காலத்தில் திட்டமிடப்பட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் தொகையை யாராவது கணக்குப் போட்டதுண்டா? வருங்காலத்திலாவது, ஒரு தெருவில் புதிதாகத் தார் போடும் முன் மின்வாரியம், தொலைபேசிக்காரர்கள், குடிநீர்ப் பிரிவு எல்லோரும் "எங்கள் வேலை முடிந்தது" என்று எழுதித் தர வேண்டும் என்ற ஒரு தீர்மானம் போடுங்கள். இதற்குக் கோட்டையின் அனுமதி தேவையில்லை, காசும் தேவையில்லை.

குப்பை அடுத்தது. வலம்புரிவிளைக் கிடங்கில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்த நாட்களை அந்தப் பக்கம் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே மலையாகக் குவிந்த பழைய குப்பையைப் பிரித்தெடுக்க ஒரு செலவு, புதிய குப்பை அங்கே போகாமல் வார்டிலேயே உரமாக்க நுண் உரக்கூடங்களுக்கு ஒரு செலவு, வீட்டுக்கு வீடு வாங்கிப் போக ஒரு செலவு. இதற்காக வரியோடு சேர்த்துத் திடக்கழிவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் நான் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளியில் பிரித்து வைப்பதை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனால், பிரித்தெடுக்க மறுபடி ஒருவருக்குப் பணம் கொடுக்கிறோம். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. வேட்பாளர் யாராவது ஒரு நாள் காலையில் எங்கள் தெரு வண்டியின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசினால், அவர் எந்தக் கட்சியானாலும் காது கொடுத்துக் கேட்பேன்.

2021 நவம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். குமரி மாவட்டமே தண்ணீரில் நின்றது. ஓடை தூர்வாருவது ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வரும் செலவு. வாரிய மண்ணை ஓடைக்கரையிலேயே குவித்துவிட்டுப் போவதும் ஆண்டுதோறும் நடக்கும் காட்சி. அடுத்த மழையில் அது பழைய இடத்துக்கே திரும்புகிறது. பில் மட்டும் பாஸாகிவிடுகிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்றவர் பணத்தில் நடந்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். பார்வதிபுரம் மேம்பாலமும் மார்த்தாண்டம் மேம்பாலமும் தேசிய நெடுஞ்சாலைப் பணத்தில் வந்தவை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மாநில அரசின் பணம். நகரின் முக்கியச் சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அங்கே குழி விழுந்தால் கமிஷனரைத் திட்டிப் பயனில்லை, நன்றாக இருந்தால் கவுன்சிலருக்கு மாலை போடவும் அவசியமில்லை. மாநகராட்சிக்கு 2021-26 காலத்தில் ஒதுக்கிய நிதிக்குழு மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டிருந்தார்கள், வேறு எதற்கும் எடுக்க முடியாது. எனவே நீங்கள் உண்மையில் முடிவு செய்யக்கூடிய தொகை நீங்கள் மேடையில் வீசும் கோடிகளைவிட மிகச் சிறியது. அந்தச் சிறிய தொகையின் பெரும் பகுதி நாங்கள் கட்டும் வரி. அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

வரவு பக்கம் போவோம். வரி வீதத்தைக் கூட்டாமலேயே வருமானத்தைக் கூட்ட வழி இருக்கிறது, ஆனால் அது உங்கள் நட்பு வட்டாரத்தைக் கொஞ்சம் உரசும். பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் உள்ள மாநகராட்சிக் கடைகளை ஏலத்தில் எடுத்தவர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர். மாநகராட்சிக்குக் கட்டும் வாடகை ஒன்று, உள்வாடகை இன்னொன்று. நடுவில் நிற்பது யார் என்று கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். பொது வழிபாட்டுக்கு உள்ள இடத்துக்குச் சொத்து வரி கிடையாது, சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. கோயிலானாலும் சரி, பள்ளிவாசலானாலும் சரி, ஆலயமானாலும் சரி. ஆனால் அதே வளாகத்தில் வாடகைக்கு விடும் கல்யாண மண்டபமும் ரோட்டைப் பார்த்த கடை வரிசையும் வழிபாட்டு இடம் ஆகுமா? இந்த ஊரில் இதைக் கேட்டால் எல்லாப் பக்கமும் முகம் சுளிப்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்டால் சுளிப்பு கொஞ்சம் குறையும். நான் கேட்கச் சொல்வது பட்டியலைத்தான்: வாடகைக்கு ஓடும் மண்டபங்கள், அவற்றின் வரிவிதிப்பு எண், கட்டிய தொகை. பாக்கி வைத்திருக்கும் பெரிய கட்டடங்களின் பட்டியலும் அதோடு வேண்டும். ஓட்டு வீட்டுக்காரர் இரண்டு அரையாண்டு தவறினால் பில் கலெக்டர் வாசலில் வந்து நிற்கிறார், மாதம் 1 சதவீத வட்டியும் ஏறுகிறது. வழக்குப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் கட்டாமல் இருப்பவர் வாசலில் யார் நிற்கிறார்?

அப்புறம், நம் ரசீதில் நூலக வரி என்று ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொத்து வரியில் 10 சதவீதம். 1948ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது. மாநகராட்சி இதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது; மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். இதுவரை ஒரு வேட்பாளரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. உங்கள் வார்டில் உள்ள கிளை நூலகத்தின் கூரை ஒழுகினால், இந்தப் பணம் நிலுவையில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்று மாமன்றத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இத்தனையும் கேட்பதற்கு மேடை எது? பகுதி சபா. நவம்பர் 1 நமக்குத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள். 1956லிருந்து அப்படித்தான் கொண்டாடுகிறோம். அதே நாளை அரசு உள்ளாட்சிகள் தினமாகவும் ஆக்கி, 2022 நவம்பர் 1ல் நகரங்களில் பகுதி சபாக் கூட்டங்களைத் தொடங்கியது. கிராம சபை போல நகரத்து மக்களும் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு வழி. ஏட்டில் நல்ல ஏற்பாடு. நடப்பில், கூட்டம் எங்கே எப்போது என்பது உறுப்பினரின் ஆட்களுக்கு மட்டும் தெரிகிறது. நாற்காலி போட்டு, போட்டோ எடுத்து, டீ குடித்து முடிந்துவிடுகிறது. மனு வாங்குகிறார்கள், கணக்குச் சொல்வதில்லை. கணக்கைச் சொல்லாத கூட்டத்துக்கு நான் ஏன் வர வேண்டும்? தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வாட்ஸ்அப் போதும்.

நான் எதிர்பார்ப்பது மிகச் சாதாரணமான ஒன்று. அரையாண்டுக்கு ஒருமுறை, எங்கள் வார்டில் எத்தனை கட்டடங்களுக்கு வரி விதிக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, இந்த வார்டில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவு, ஒப்பந்தக்காரர் யார், வேலை முடிந்தது எந்தத் தேதி, அது எத்தனை ஆண்டு தாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதை ஒரு தாளில் அச்சிட்டு ரேஷன் கடை வாசலிலும் அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்டுங்கள். ஒன்றும் இரகசியம் இல்லை. 2005ன் தகவல் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில், கேட்காமலேயே வெளியிட வேண்டியவை என்று சொல்லும் வகையைச் சேர்ந்தவைதான். நான் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி மனுப்போட்டு முப்பது நாள் காத்திருந்து வாங்க வேண்டியதை, நீங்கள் ஒரு போன் காலில் வாங்கிவிடலாம். உறுப்பினர் பதவியின் பலமே அதுதான்.

உங்களுக்கும் செலவு இருக்கிறது என்பது தெரியும். போன தேர்தலில் மாநகராட்சி வார்டு வேட்பாளர் 85,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு. ஜெயித்த உறுப்பினருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். ஐந்தாண்டுக்கு ஆறு இலட்சம். எங்கள் தெருவில் ஒரு வேட்பாளருக்கு உண்மையில் ஆகும் செலவைப் பற்றி ஊரார் சொல்லும் தொகையை இங்கே எழுத முடியாது, ஆதாரம் இல்லை. ஆனால் 85,000க்குள் முடித்தவர் என்று ஊரில் ஒருவரைக்கூட யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்ற கேள்விக்கு விடை வரி ரசீதில் இருக்காது. ஓடை, தார், பேவர் பிளாக் பில்களில்தான் இருக்கும். கவருக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்பும் நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் அரையாண்டு வரியைவிடக் குறைவான தொகை. வாங்குகிறவர்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நடைமுறை விஷயம். மேயரை நாங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். 52 பேரில் 27 பேர் சேர்ந்தால் மேயர். அதனால் ஓட்டுக் கேட்டு வரும்போதே, மேயர் பதவிக்கு நீங்கள் ஆதரிக்கப் போகிறவர் பட்ஜெட்டை எப்படி நடத்துவார் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கட்சி சொல்வதைச் செய்வேன் என்பதும் ஒரு பதில்தான். குறைந்தபட்சம் நேர்மையான பதில். பட்ஜெட் புத்தகத்தைக் கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி கையில் வாங்கி, மறுநாள் பத்து நிமிடத்தில் மேஜையைத் தட்டி நிறைவேற்றும் வழக்கத்தை ஏற்பீர்களா, இரண்டு வாரம் முன்னாலேயே வெளியிடச் சொல்வீர்களா? கலைவாணர் பெயரில் 2023ல் நல்ல அலுவலகக் கட்டடம் கட்டித் தந்திருக்கிறார்கள். மக்கள் உட்கார்ந்து மாமன்றக் கூட்டத்தைப் பார்க்க அங்கே இடம் கொடுப்பீர்களா?

குழித்துறை, குளச்சல், பத்மநாபபுரம், கொல்லங்கோடு நகராட்சிகளிலும் நம் மாவட்டத்துப் பேரூராட்சிகளிலும் நிற்கப் போகிறவர்கள், எண்களை மாற்றிக்கொண்டு இதையே வாசிக்கலாம். உங்கள் ஊரில் வரி வருமானம் இன்னும் குறைவு. ஒரு மேல்நிலைத் தொட்டி மோட்டார் எரிந்தால் அந்த மாதச் செலவே தள்ளாடும். அங்கே இந்தக் கேள்விகளுக்கு அவசரம் கூடுதல்.

வீட்டுக்கு வரும்போது நோட்டீஸ் மட்டும் கொண்டு வராமல், மாநகராட்சியின் கடைசி பட்ஜெட்டில் நம் வார்டுக்கு என்று எழுதியிருக்கும் வேலைகள் எவை, அவற்றில் எது முடிந்தது, எது வெறும் எழுத்தாகவே கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். முதலில் கொண்டு வருகிறவரிடம் நான் கட்சி கேட்கப் போவதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நாய் குரைக்கும், கேட்டைத் தட்டிவிட்டு வெளியிலேயே நில்லுங்கள். நான் வந்து திறக்கிறேன்.

இப்படிக்கு,
வரிப் பாக்கி இல்லாத ஒரு வாக்காளர்,
நாகர்கோவில்.